மோட்டார் கொட்டகைப் பூட்டு இறுகிவிட்டது: ஆக்சா பிளேடா, கட்டிங் மிஷினா?

வெட்டாற்றங்கரை
நன்னிலம் பக்கம் வயல். மோட்டார் கொட்டகைக்குத் தகரக் கதவு, ஆங்கிள் சட்டம். கொண்டியில் தொங்குவது 65 மி.மீ இரும்புப் பூட்டு, லீவர் வகை. வளையக் கம்பி 10 மி.மீ கனம். ஒரு போகம் முழுக்கத் திறக்கவில்லை. சாவி உள்ளே போகிறது, திரும்ப மறுக்கிறது. பின்சுவரிலிருந்து நாலு அடி தள்ளி வைக்கோல் போர். கரண்ட் கொட்டகைக்குள் மட்டும்தான். கையில் ஆக்சா பிளேடு, 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் இரண்டும் இருக்கு. எதால் வெட்டுவது? நேற்று சாவித் துவாரத்தில் கொஞ்சம் டீசல் விட்டிருக்கு.

லேத்து_பாபநாசம்
வெட்டுறதுக்கு முன்னாடி பூட்டு எங்க மாட்டிக்கிச்சுன்னு பாருங்க. மூணு வகை இருக்கு.

சாவியே உள்ள போகலைன்னா மண், குளவிக்கூடு, இல்ல உடைஞ்ச சாவித் துண்டு. சாவி போயி திரும்பலைன்னா லீவர், அதாவது சாவி தூக்குற உள்தகடுங்க, துருப்பிடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு. சாவி நல்லாத் திரும்புது, வளையம் மட்டும் வெளிய வரலைன்னா உள்ள பிரச்சினையே இல்ல, வளையத்தோட கால் ஓட்டையில துரு ஏறி இறுகியிருக்கு. இந்த மூணாவதுக்கு வெட்டே வேணாம். ஒருத்தர் சாவியைத் திருப்பின நிலையிலயே பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் பூட்டோட தோள்ல மரச் சுத்தியலால கீழ்நோக்கித் தட்டணும். பத்துப் பதினஞ்சு தட்டுல இறங்கிரும்.

உங்களுது ரெண்டாவது வகை. தொங்குற பூட்டுக்குச் சாவித் துவாரம் கீழ்ப்பக்கம். அதுல டீசல் விட்டா அப்படியே தரைக்கு வந்துரும், லீவர் வரைக்கும் ஏறாது. பூட்டைத் தலைகீழாத் தூக்கி, துவாரம் மேல பாக்குற மாதிரி கட்டுக்கம்பியால கொண்டியோட இழுத்துக் கட்டுங்க. துவாரத்துல பத்துச் சொட்டு, வளையம் நுழையுற ரெண்டு ஓட்டையிலயும் அஞ்சு அஞ்சு சொட்டு. ராத்திரி முழுக்க விடுங்க. காலையில சாவியைக் கொஞ்சமா முறுக்கிப் பிடிச்சுக்கிட்டே பூட்டோட பக்கவாட்டுல தட்டுங்க. அதிர்ச்சியிலதான் லீவர் பிரியும், முறுக்குற பலத்துல இல்ல. குறடு வச்சு சாவியைத் திருப்பாதீங்க. கழுத்துல ஒடிஞ்சு உள்ள நின்னுரும், அப்புறம் வெட்டுறதைத் தவிர வழி கிடையாது.

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் ரெண்டும் வேணாம். நாளாக நாளாகப் பிசினாயிரும்.

உப்புக்காத்து
வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இந்த வைத்தியம் பாதிதான் பலிக்கும். உப்புக் காற்றில் லீவர் ஸ்பிரிங் முதலில் போகும், மெல்லிய தகடு அது. ஸ்பிரிங் ஒடிந்துவிட்டால் எத்தனை நாள் ஊறவைத்தாலும் லீவர் தன் இடத்துக்கு வராது. ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் தட்டிப் பார்த்து, சாவி மயிரிழைகூட அசையவில்லை என்றால் வெட்டத் தயாராகலாம். அதற்குமேல் எண்ணெய் விடுவது எண்ணெய்க்குத்தான் கேடு.

குடமுருட்டி
ஐயா, வெட்டாற்றங்கரை. டீசல் விட்ட பூட்டில் கிரைண்டர் வைக்காதீர்கள். இதை யாரும் சொல்லவில்லையே.

டீசல் பெட்ரோல் மாதிரி குப்பென்று பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் துருவில் ஊறிய டீசல் விளக்குத் திரியில் ஊறிய எண்ணெய் மாதிரி. வெட்டும் இடம் நீலம் பாரிக்கும் அளவுக்குச் சூடேறும், கிட்டத்தட்ட 300 டிகிரி. அந்தச் சூட்டில் டீசல் ஆவியாகும், பக்கத்திலேயே பொறி. டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரே டப்பா இன்னும் மோசம், அதிலிருந்து வரும் ஸ்பிரேயே எரியக்கூடியது. எண்ணெய் வழி ஒன்று, பொறி வழி ஒன்று. எண்ணெய் வழியில் போய்த் தோற்றவர் கை ரம்பத்துக்கு மாற வேண்டும். கிரைண்டர்தான் என்றால் பூட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் அரைநாள் காயவிட வேண்டும். துடைத்த துணியைத் தூர எறியுங்கள், காலடியில் போட்டு வைக்காதீர்கள்.

லேத்து_பாபநாசம்
குடமுருட்டி சொல்றது சரி. நான் கை ரம்பத்தை மனசுல வச்சுத்தான் எழுதினேன், அதைச் சொல்லியிருக்கணும். பட்டறையில நாலு சொட்டு எண்ணெய் இருந்தாலும் வெட்டிருவாங்க, ஆனா பட்டறையில பக்கத்துல வைக்கோல் போர் இருக்காது.

ஆடிக்காத்து
போர் நாலு அடியில் இருக்கும்போது கிரைண்டர் பேச்சே எதுக்குங்க? பொறி பத்து மீட்டர் தாண்டியும் போகும். ஆடி மாசத்து மேல்காத்துன்னா கணக்கே இல்ல. காலைப் பனியில வைக்கோல் ஈரமாத்தானே இருக்குன்னு நம்பிராதீங்க. மேல் விரலளவுதான் ஈரம், உள்ள சருகு. ஒரு பொறி இடுக்குல போயிட்டா கண்ணுக்குத் தெரியாம புகைஞ்சு, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு ராத்திரி எட்டு மணிக்குப் பிடிக்கும்.

கும்பகோணம்_அரம்
முதலில் வளையம் எந்த இரும்பு என்று தெரிய வேண்டும். முக்கோண அரத்தின் விளிம்பை வளையத்தின் மேல் வைத்து ஒரு இழுப்பு. அரம் கடித்துப் பள்ளம் விழுந்தால் சாதா இரும்பு, ஆக்சா பிளேடு போதும். கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கினால் பதம் ஏற்றியது. அதில் ஆக்சா பிளேடு போட்டால் பத்து இழுப்பில் பல் மொட்டையாகும், கம்பியில் பளபளப்பு மட்டும் மிஞ்சும்.

சாதா இரும்பு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பிளேடு 12 இஞ்ச், இஞ்சுக்கு 24 பல். 10 மி.மீ கம்பியில் ஒரே நேரத்தில் ஒன்பது பல் பதியும், அது சரியான கணக்கு. 32 பல் தகட்டுக்கு ஆனது, இதில் தூள் அடைத்துக்கொள்ளும். கடையில் பை-மெட்டல், அதாவது இரண்டு உலோகம் சேர்த்த பிளேடு, கேளுங்கள். கறுப்புக் கார்பன் பிளேடு விலை குறைவு, ஆனால் கொஞ்சம் கோணினாலே ஒடியும். பல் முன்னோக்கிப் பார்க்கும்படி மாட்டி, விரலால் சுண்டினால் 'டிங்' என்று கேட்கும்வரை இறக்கைத் திருகை முறுக்குங்கள். தொய்ந்த பிளேடு நேராக வெட்டாது, பாதியில் திரும்பிச் சிக்கும்.

இதில் முக்கால்வாசி வேலை பூட்டை ஆடாமல் நிறுத்துவது. தொங்கும் பூட்டை எவராலும் அறுக்க முடியாது, பிளேடுதான் ஒடியும். பூட்டின் உடலை வைஸ் கிரிப்பால் (கடித்தபடியே இறுகி நிற்கும் குறடு) கடிக்க வைத்து, அதன் பிடியைக் கதவுச் சட்டத்தோடு கட்டுக்கம்பியால் கட்டுங்கள். வளையத்துக்கும் கொண்டிக்கும் நடுவே மரச் சீவல் ஒன்றை ஆப்பாக அடியுங்கள். பிறகு அரத்தால் சின்னப் பள்ளம் போட்டு, அந்தப் பள்ளத்தில் பிளேடை வைக்க வேண்டும். முன்னே தள்ளும்போது அழுத்தம், பின்னே இழுக்கும்போது சும்மா. நிமிடத்துக்கு 40, 50 இழுப்பு போதும். வேகம் கூட்டினால் பல் சூடேறி மழுங்கும். ஒரு காலுக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். கடைசி 2 மி.மீ வரும்போது அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் பட்டென்று விட்டு, கை முட்டி ஆங்கிளில் மோதும்.

பிரேம் நுழைய இடமில்லாத இடுக்கில் பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் சைக்கிள் டியூப் சுற்றிப் பிடித்து, இழுக்கும் திசையில் பல் இருக்கும்படி திருப்பி அறுக்கலாம். மெதுவாகத்தான் போகும்.

அரசலாறு
ஒரு கால் வெட்டினா போதுமா, ரெண்டுமா?

கும்பகோணம்_அரம்
புதுப் பூட்டு என்றால் சில வகையில் ஒரு காலை வெட்டி, மற்ற காலை அச்சாக வைத்து வளையத்தைத் திருப்பலாம். துரு ஏறியதில் அது திரும்பாது, இரண்டும் வெட்டத்தான் வேண்டும். அல்லது ஒரே காலில் கொண்டியின் கனத்தைவிட அகலமாக இரண்டு வெட்டுப் போட்டு நடுத்துண்டை எடுத்துவிட்டால், அந்த இடைவெளி வழியே பூட்டைக் கழற்றலாம். எங்கே வெட்டினாலும் நேர்க் காலில், பூட்டின் உடலுக்கு ஒரு விரல் மேலே. வளைவில் வைக்காதீர்கள், பிளேடு சறுக்கும்.

தஞ்சை_பட்டறை
கிரைண்டர் தரப்பு வாதத்தையும் கேளுங்க. பதம் ஏத்துன வளையம்னா அதுதான் வழி. ஆனா கிரைண்டர்ல கை போறது பெரும்பாலும் வீல் விஷயத்துல.

4 இஞ்ச் மிஷின் சுமை இல்லாம நிமிஷத்துக்கு 11,000 சுத்து ஓடும். 105 மி.மீ வீலோட விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல ஓடுதுன்னு அர்த்தம். உடைஞ்ச துண்டும் அதே வேகத்துலதான் வரும். அதனால வீலை மூடியிருக்கிற கார்டைக் கழட்டக் கூடாது. 5 இஞ்ச் வீலைக் கார்டு கழட்டிட்டு மாட்டுற பழக்கம் நம்ம பக்கம் நிறைய. மரம் அறுக்குற பல் பிளேடை இதுல மாட்டுறது அதைவிட மோசம்.

இரும்புக்கு 1 மி.மீ அல்லது 1.2 மி.மீ கட்டிங் வீல். அதை வச்சுத் தேய்க்கக் கூடாது, பக்கவாட்டு அழுத்தம் தாங்காது. நடு வளையத்துல காலாவதி மாசம், வருஷம் போட்டிருக்கும், பாத்து வாங்குங்க. இந்த வீல் பிசின்ல ஒட்டினது. மழைக்காலத்துல மோட்டார் கொட்டகை மூலையில தொங்கவிட்டா ஈரம் குடிச்சுப் பலம் போயிரும். ஓரத்துல சில்லு போயிருந்தா, நெளிஞ்சிருந்தா தூக்கிப் போடுங்க. பத்து, இருபது ரூபாய்க்கு எல்லாம் யோசிக்காதீங்க. புது வீல் மாட்டினதும் மிஷினை உங்க பக்கம் இல்லாம திருப்பி ஒரு நிமிஷம் வெறுமனே ஓட்டிப் பாக்கணும்.

வெட்டும்போது ரெண்டு கையும் மிஷின்ல, பக்கக் கைப்பிடி கட்டாயம். வீல் சுத்துற தளத்துக்கு நேரா முகமோ கழுத்தோ இருக்கக் கூடாது, ஒரு பக்கமா ஒதுங்கி நில்லுங்க. முழு வேகம் எடுத்த பிறகு கம்பியைத் தொடணும். மிஷினோட எடையே போதும், நீங்க அழுத்த வேணாம். சாதா 10 மி.மீ கம்பி அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷத்துக்குள்ள போயிரும். பதம் ஏத்தினது கொஞ்சம் கூட, வீலும் கண்ணு முன்னாடி தேயும்.

சிக்குறது எப்பன்னா, வெட்டுன வாய் மூடும்போது. கதவு தன் எடையில கொண்டியை அழுத்திக்கிட்டு இருந்தா பாதி வெட்டுல ரெண்டு முனையும் நெருங்கி வீலைக் கவ்வும். மிஷின் கையை விட்டு எகிறும், இல்ல வீல் சிதறும். முதல்லயே கதவைத் தூக்கி ஆப்பு வச்சு அழுத்தத்தை எடுத்துருங்க. பூட்டைக் கீழ்நோக்கிக் கம்பியால இழுத்துக் கட்டினா வெட்டு வாய் தன்னால விரியும். ரெண்டாவது கால் அறுந்ததும் பூட்டு விழும், கையால தாங்கப் போகாதீங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு, குறடால எடுங்க.

குடமுருட்டி
பட்டறை அண்ணன் உடையைப் பற்றிச் சொல்லவில்லை. வேட்டி, கைலி, தோளில் துண்டு எதுவும் ஆகாது. நூல் கையுறை வீலில் சுற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும், தோல் கையுறை போடுங்கள். மூக்குக் கண்ணாடி போதாது, பக்கவாட்டும் மூடிய கண்ணாடி போட்டு, அதன்மேல் முகக் கவசம்.

கண்ணில் பொறி விழுந்தால் தேய்க்காதீர்கள். துண்டு நுனியால் எடுப்பது, நாக்கால் எடுப்பது எல்லாம் நம் ஊர்ப் பழக்கம், கருவிழியைக் கீறிவிடும். இரும்புத் துகள் கருவிழியில் தங்கினால் சுற்றித் துரு வளையம் படியும். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரி.

மன்னை_வயர்மேன்
கரண்ட் கொட்டகைக்குள் மட்டும் என்றீர்கள். அப்படியானால் கிரைண்டருக்குக் கரண்ட் எங்கிருந்து? கம்பத்திலிருந்து வரும் மூன்று ஃபேஸ் ஒயரில் ஒரு ஃபேஸைத் தொட்டு, இன்னொரு முனையை மண்ணில் அடித்த கம்பியில் கட்டி 230 வோல்ட் எடுக்கும் வேலை வயல்களில் நடக்கிறது. செய்யவே செய்யாதீர்கள். அந்த எர்த் கம்பியைச் சுற்றியுள்ள ஈர மண்ணிலேயே வோல்ட்டேஜ் ஏறும். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்தான் முதலில் விழுவார்.

வீட்டிலிருந்து இழுப்பதானால் 850 வாட் மிஷின் நாலு ஆம்பியருக்குள்தான் எடுக்கும். 1.5 சதுர மி.மீ மூன்று கோர் ஒயர், முழுதும் உருளையிலிருந்து பிரித்து விரித்தது, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக. வரப்பில் ஒயரின் இணைப்பு எதுவும் தண்ணீரில் கிடக்கக் கூடாது. இந்த வேலைக்கு என்றால் பேட்டரி கிரைண்டர் வாடகைக்கு எடுப்பதே நல்லது. 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு பூட்டுக்குத் தாராளம்.

இதைவிட முக்கியம்: தகரக் கதவைத் தொடுமுன் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஒரு போகம் மூடிக் கிடந்த கொட்டகையில் எலி ஒயரைக் கடித்திருந்தால் கதவு, சட்டம், பூட்டு எல்லாவற்றிலும் கரண்ட் இருக்கலாம். டெஸ்டர் லேசாக மின்னினால்கூடக் கை வைக்காமல் லைன்மேனைக் கூப்பிட்டு ஃபியூஸ் கேரியரைக் கழற்றச் சொல்லுங்கள்.

வெட்டாற்றங்கரை
டெஸ்டர் வைத்தாச்சு, மின்னவில்லை. அரமும் போட்டாச்சு, கடிக்கிறது, பள்ளம் விழுந்தது. போல்ட் கட்டர் கேட்டால் கிடைக்கும். அது சுலபமா?

தஞ்சை_பட்டறை
24 இஞ்ச் கட்டர்னா 8 மி.மீ சாதா கம்பி வரைக்கும் நிம்மதி. உங்க 10 மி.மீக்கு 36 இஞ்ச் வேணும். கருவியிலயே தாங்குற அளவு அடிச்சிருக்கும், பாருங்க. பதம் ஏத்துனதுல வச்சா வாயில பல் விழுந்துரும், கட்டர் சொந்தக்காரர் கூட சண்டை. கம்பியை வாயோட ஆழத்துல கொடுக்கணும், நுனியில கொடுத்தா வாய் விரியும். அறுபடுற நேரம் துண்டு துப்பாக்கிக் குண்டாட்டம் தெறிக்கும். அதனால இதுக்கும் கண்ணாடி உண்டு, எதிர்ல ஆள் நிக்கக் கூடாது. பொறி கிடையாது, வைக்கோல் பக்கத்துக்கு இதுதான் ராஜா.

திருமலைராஜன்
பூட்டை ஏன் வெட்டணும், கொண்டியை வெட்டலாமே? 3 மி.மீ பட்டைதான் இருக்கும். ரெண்டு நிமிஷ வேலை.

கும்பகோணம்_அரம்
எது மலிவோ, எதை மறுபடி வைக்கச் சுலபமோ அதை வெட்டு என்பது சரியான கணக்கு. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தால் சங்கிலிக் கண்ணியை வெட்டு. தகரக் கதவில் போல்ட் போட்ட கொண்டி என்றால் போல்ட்டைக் கழற்றினாலே போதும், நட்டு வெளிப்பக்கம் இருந்தால் வெட்டே வேண்டாம். அப்படி வைத்த கொட்டகைகள் இருக்கத்தான் செய்கின்றன, திருடனுக்கு நல்ல காலம். ஆனால் பழைய வீட்டுத் தேக்குக் கதவில் அடித்த நாதாங்கியைத் தொடாதீர்கள். அதன் கால் கதவைத் துளைத்து உள்ளே மடக்கி அடித்திருக்கும். கடப்பாரை போட்டு நெம்பினால் பலகையும் பிளந்துகொண்டு வரும். அங்கே பூட்டுத்தான் பலி.

சீர்காழி_ஷட்டர்
பித்தளைப் பூட்டு, சின்னச் சாவி, பின் வகை (லீவருக்குப் பதில் உள்ளே சின்னச் சின்னப் பின்) என்றால் துளையும் போடலாம். சாவி நுழையும் உருளையும் பூட்டின் உடலும் சேரும் கோட்டில், சாவியின் பல் இருக்கும் பக்கம், சென்டர் பஞ்ச் ஒரு தட்டு. இரும்பு துளைக்கும் 3 மி.மீ எச்எஸ்எஸ் பிட்டில் 20, 25 மி.மீ ஆழம், பிறகு அதே துளையில் 6 மி.மீ. உள்ளிருக்கும் பின் எல்லாம் தூளானதும் உருளையைத் தட்டையான ஸ்க்ரூடிரைவரால் திருப்பலாம். லீவர் பூட்டில் இது பலிக்காது. பித்தளையைக் கிரைண்டரால் வெட்டவும் வேண்டாம், வீலின் மணியில் பித்தளை அப்பி வெட்டாமல் சூடு மட்டும் ஏறும்.

அரிசி ஆலை, தவிட்டுக் கிடங்கு, உர மருந்துக் கடை ஷட்டர் எதுவானாலும் கை ரம்பம், கட்டர் இரண்டில் ஒன்றுதான். ஷட்டருக்கு அடி இடுக்கு வழியாகப் பொறி உள்ளே போவது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. உள்ளே சாக்கு இருக்கும், டீசல் கேன் இருக்கும், தவிட்டுத் தூசி காற்றில் கலந்திருந்தால் வெடிக்கவும் செய்யும். வேறு இடத்தில் கிரைண்டர் தவிர்க்கவே முடியாது என்றால் பூட்டுக்குப் பின்னால் நனைத்த கோணிச் சாக்கைச் செருகி, இரண்டு வாளி தண்ணீர் வைத்து, முடிந்தபின் ஒரு மணி நேரம் ஆள் காவல் இருக்க வேண்டும்.

அரசலாறு
பூட்டு யாருடையதுன்னும் ஒரு வார்த்தை. பங்காளிகள் பொதுவா வச்சிருக்கிற போர்வெல் கொட்டகைன்னா, நம்ம பங்கு இருந்தாலும் தனியா வெட்டாதீங்க. மத்தவங்களை நிக்க வச்சு, வெட்டுறதை மொபைல்ல படம் எடுத்துக்கிட்டு செய்யணும். பேங்க், கோர்ட் சீல் வச்ச பூட்டும், பாசனத் துறை மதகுப் பூட்டும் நம்ம வேலையே இல்ல, தண்ணி வரலைன்னு எவ்வளவு கோவம் இருந்தாலும்.

வெட்டாற்றங்கரை
சொந்தக் கொட்டகைதான், பங்கு கிடையாது. ராத்திரி தலைகீழாகக் கட்டி ஊறவைத்து, காலையில் தட்டியும் சாவி அசையவில்லை. 24 பல் பிளேடு, வைஸ் கிரிப், இரண்டு கால் வெட்டு. கிரைண்டரை வீட்டிலேயே விட்டாச்சு. பிளேடு ஒன்று ஒடிந்தது, இரண்டாவதில் முடிந்தது. அடுத்து என்ன பூட்டு போடுவது?

உப்புக்காத்து
உடல் பித்தளை, வளையம் ஸ்டெயின்லெஸ். இரும்பு உடல் வயலுக்கு ஆகாது. சாவித் துவாரத்தில் எண்ணெய் வேண்டாம், பென்சில் கரியைப் பொடித்து ஊதிவிடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து மூடுங்கள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

திருமலைராஜன்
திண்டுக்கல் பூட்டு வாங்குங்க, 2019-லயே புவிசார் குறியீடு கிடைச்சது. மேல சைக்கிள் டியூப்பைச் சுத்திக் கட்டிருங்க, மழை படாது.

லேத்து_பாபநாசம்
திண்டுக்கல்லுக்கு மறுப்பில்ல. டியூப்பைச் சுத்திக் கட்டுறதுக்குத்தான் மறுப்பு. கட்டினா உள்ள போன ஈரம் வெளிய வராது, புழுங்கியே துருப்பிடிக்கும். லாரி டியூப்ல ஒரு சாண் துண்டு வெட்டி, கொண்டிக்கு மேல ரெண்டு திருகால அடிச்சு, பூட்டு முன்னாடி திரை மாதிரி தொங்க விடுங்க. கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கணும்.